இயேசுவின் போதனையால் விசுவாசத்தில் வளர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கான வேதபாட வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடும் நேரத்திலும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் காப்பி வருவதற்கு முன்னான இடைவெளியிலும், தயங்கித் தயங்கி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் என்னும் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. மாற்கு எழுதின சுவிசேஷம் பதில்களில் மீண்டும் மீண்டும் வரும். அதற்குக் காரணம் உண்டு, அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

விசுவாசத்தில் வளர்வது என்றால் என்ன?

விளக்கம் சொல்வதற்கு முன் மாற்கு 8ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு நிகழ்ச்சியை அருகில் நின்று பார்ப்போம். பெத்சாயிதாவில் ஒரு குருடனைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவந்து, அவனைத் தொடும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அவர் அவனைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் குணமாக்கவில்லை; அவனுடைய கையைப் பிடித்து, கிராமத்துக்கு வெளியே தாமே அழைத்துக்கொண்டு போகிறார். கண் தெரியாத ஒருவன், தான் முகம் பார்த்திராத ஒருவருடைய கையைப் பற்றிக்கொண்டு, தெருச் சத்தம் குறையக் குறைய நடந்துபோவதை நினைத்துப் பாருங்கள். அங்கே அவர் அவன்மேல் கைகளை வைத்து, "எதையாகிலும் காண்கிறாயா" என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்து, "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். மறுபடியும் அவர் அவன் கண்கள்மேல் கைகளை வைத்தபோது, "யாவரையும் தெளிவாய்க் கண்டான்" என்று மாற்கு எழுதுகிறார்.

இரண்டு தொடுதலில் நடந்த குணமாக்குதல் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான்; மாற்கு மட்டுமே இதை எழுதியிருக்கிறார். இதற்கு அடுத்த பத்தியிலேயே பேதுரு, "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிடுகிறார். அதற்கு அடுத்த பத்தியிலோ, மனுஷகுமாரன் பாடுபட்டுக் கொல்லப்படவேண்டும் என்று இயேசு போதிக்கத் தொடங்கியவுடன், அதே பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். பேதுருவுக்குப் பார்வை வந்துவிட்டது. ஆனால் மனுஷர் இன்னும் மரங்களாகத்தான் தெரிகிறார்கள். கிறிஸ்து என்ற பட்டம் தெரிகிறது, சிலுவை தெரியவில்லை.

விசுவாசத்தில் வளர்வது என்பதை நான் இந்த இடத்திலிருந்தே புரிந்துகொள்கிறேன். முதல் தொடுதலோடு நின்றுவிடாமல், அதே கரத்தின் கீழ் மறுபடியும் நின்று, இயேசு யார் என்பதை முன்னைவிடத் தெளிவாகக் காண்பதே வளர்ச்சி. உணர்ச்சிப் பெருக்கு அதோடு வரலாம், வராமலும் போகலாம். வசன எண்களை ஒப்பிக்கும் திறமை கூடுவதும் அதற்கு அடையாளம் ஆகாது.

ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் முடித்து, இருபது ஆண்டுகளாகத் தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். ஆனாலும் தேங்கி நிற்பதுபோல் இருக்கிறது. ஏன்?

இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் உண்மையான விசுவாசிகள். அவர்களுடைய குறை பக்தியில் இல்லை, கல்வியில் இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் பதினைந்து வயதில் கேட்டதே பலருக்கு இயேசுவைப் பற்றி முறையாகக் கற்ற கடைசிப் பாடமாக இருந்துவிடுகிறது. அதன் பிறகு கேட்பவை பிரசங்கங்கள். அவை ஒரு வாரம் சங்கீதத்திலிருந்தும் மறுவாரம் ஏசாயாவிலிருந்தும் வருகின்றன. நல்ல பிரசங்கம் ஆறுதல் தரும், எச்சரிக்கும். ஆனால் ஒரு சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, இயேசுவின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதில் கிடைப்பது அரிது.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆசிரியர் இதே நிலையில் இருந்த ஒரு சபைக்குத்தான், காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டிய நீங்கள் இன்னும் பாலை உண்ணுகிறவர்களாய் இருக்கிறீர்களே என்று வருந்தி எழுதுகிறார் (எபிரெயர் 5:12). பாலைப் பழித்து அவர் அப்படி எழுதவில்லை. குழந்தைக்கு அதுவே உணவு. வளர்ந்தவனுக்கு அது மட்டும் போதாது.

எங்கிருந்து தொடங்குவது? ஆதியாகமத்திலிருந்தா, சங்கீதத்திலிருந்தா?

மாற்கு எழுதின சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். நான்கு சுவிசேஷங்களில் அது மிகச் சிறியது, 16 அதிகாரங்கள்தான். நிதானமாக உரக்க வாசித்தால் ஒரு மாலைப் பொழுதில் முழுவதையும் கேட்டுவிடலாம். வம்ச வரலாறும் நீண்ட முன்னுரையும் இல்லாமல், யோர்தான் நதிக்கரைக்கு நேராகக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறது. மத்தேயு இயேசுவின் போதனையை மலைப்பிரசங்கம் முதலான ஐந்து பெரிய தொகுதிகளாகத் தருகிறார். கற்றுத் தேர்ந்தவர்களுக்கு அது பெரும் பொக்கிஷம். மாற்குவோ போதனையையும் நடையையும் பிரிக்காமல், இயேசு செய்வதைப் பார்த்தபடியே அவர் சொல்வதைக் கேட்கும் இடத்தில் நம்மை வைக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு பேரை இயேசு தெரிந்துகொண்டது எதற்காக என்று மாற்கு சொல்லும்போது, பிரசங்கிப்பதையும் பிசாசுகளைத் துரத்துவதையும் குறிப்பிடுவதற்கு முன்பே, "தம்மோடுகூட இருக்கவும்" என்று எழுதுகிறார் (3:14). ஊழியத்துக்கு முன்னால் உடனிருத்தல். சீஷன் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குக் கற்கிறவன் என்பதே பொருள். கூட இருந்து கற்கிறவன் என்று மாற்கு அதை விரித்துக் காட்டுகிறார்.

ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று ஓடவேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும். அதை ஏழு நாளும் வாசியுங்கள். நான்காம் நாள் சலிப்பு வரும். ஐந்தாம் நாள், அதுவரை கண்ணில் படாத ஒரு சொல் படும்.

தினமும் வாக்குத்தத்த வசனம் வாசிக்கிறேன். புத்தாண்டு இரவில் எனக்குக் கிடைத்த வசன அட்டையும் பக்தியோடு வைத்திருக்கிறேன். இது போதாதா?

அந்த அட்டை துன்ப நேரத்தில் பலரைத் தாங்கியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். மருத்துவமனைப் படுக்கையில் தலையணைக்கு அடியில் அதை வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் தனி வசனம் நமக்குப் பிடித்ததையே திரும்பச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்கிவிடும். அட்டைகளில் அச்சாகிற வசனங்கள் பெரும்பாலும் ஆசீர்வாதத்தையும் பாதுகாப்பையும் பேசுகின்றன. "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்ற மாற்கு 8:34 எனக்குப் புத்தாண்டு வசனமாக இதுவரை ஒருமுறையும் கிடைத்ததில்லை. சுவிசேஷத்தைத் தொடர்ச்சியாக வாசிக்கிறவருக்கோ, நாம் தேடிப்போகாத வார்த்தைகளும் முறைப்படி வந்து சேர்கின்றன. நம்மை வளர்க்கிறவை பெரும்பாலும் அவைதான். அட்டையிலுள்ள வசனத்தை எடுத்து, அது எந்த அதிகாரத்தில், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். வாக்குத்தத்தம் அதனால் சிறுத்துப்போகாது. அதற்கு வேர் கிடைக்கும்.

சந்தேகங்களும் கேள்விகளும் எழுகின்றன. கேட்டால் அவிசுவாசி என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. கேள்வி கேட்பது பாவமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுவே. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17 சொல்கிறது. அங்கே கேள்வி என்பது செவியால் கேட்பதைக் குறிக்கிறது. திருக்குறளில் கேள்வி என்றொரு அதிகாரம் இருப்பதும் அந்தப் பொருளில்தான். மூலமொழியில் வினவுதல் என்ற பொருள் அந்த வசனத்துக்கு இல்லை. ஆகவே அதை வசனத்தின்மேல் ஏற்றக்கூடாது. ஆனாலும் தமிழ் அறிந்தவர்களுக்கு இது ஒரு நல்ல நினைவூட்டல்: செவிகொடுப்பதற்கும் வினவுவதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். உண்மையாய்ச் செவிகொடுத்தவனுக்குக் கேட்கவேண்டியது ஏதாவது இருக்கும்.

சுவிசேஷத்தில் இதற்கு இரண்டு எதிரெதிரான காட்சிகள் உள்ளன. விதைக்கிறவன் உவமையைச் சொன்ன பிறகு, கூட்டம் கலைந்து அவர் தனித்திருந்தபோது, உடனிருந்தவர்கள் அதன் பொருளைக் கேட்கிறார்கள் (மாற்கு 4:10). அவர் விளக்குகிறார். கேட்டதனால்தான் அந்த விளக்கம் நமக்கும் கிடைத்தது. பின்பு 9ஆம் அதிகாரத்தில், தாம் கொலைசெய்யப்பட்டு மூன்றாம் நாளில் உயிர்த்தெழுவதை அவர் இரண்டாம் முறை சொல்லும்போது, "அவர்களோ அந்த வார்த்தையை அறிந்துகொள்ளவில்லை, அதைக்குறித்து அவரிடத்தில் கேட்கவும் பயந்தார்கள்" என்று இருக்கிறது (9:32). கேட்கப் பயந்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? தங்களுக்குள் யார் பெரியவன் என்று வழியெல்லாம் தர்க்கம் பண்ணினார்கள். கேட்கப்படாத கேள்வி விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பெருமை நிரப்பிவிட்டது. நம் சபைச் சண்டைகள் பலவற்றையும் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம்.

அதே அதிகாரத்தில் ஊமையான ஆவி பிடித்த பையனுடைய தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிடுகிறான். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லுகிறான். முதலில் அவிசுவாசத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்குகிறார். பெரோயா பட்டணத்தாரோ, பவுலே வந்து பிரசங்கித்தும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் என்பதற்காக நற்குணசாலிகள் என்று புகழப்படுகிறார்கள் (அப்போஸ்தலர் 17:11).

கேட்கிற மனநிலை ஒன்று உண்டு, அதைக் கவனித்துக்கொள்ளவேண்டும். பதில் வந்தால் அதன்படி நடக்கச் சித்தமாய்க் கேட்கிறேனா, நடக்காமலிருப்பதற்குச் சாக்குத் தேடிக் கேட்கிறேனா என்பது கேட்கிறவருக்கே தெரியும்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் எப்படிக் கற்க முடியும்?

முதல் நூற்றாண்டுச் சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் அம்மாவைப் போன்றவர்களே. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மாற்குவின் வேகமான நடையும் திரும்பத் திரும்ப வரும் "உடனே" என்ற சொல்லும் காதுக்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன.

எங்கள் புதன்கிழமை வகுப்பில் வயதான ஒரு அம்மா இருந்தார்கள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர்கள். பெரும்பாடுள்ள, அதாவது தீராத இரத்தப்போக்குள்ள, ஸ்திரீயின் கதையை (மாற்கு 5:25-34) இரண்டு முறை வாசித்து முடித்தபோது அவர்கள், "பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாத பொம்பளையை, மகளேன்னு கூப்பிட்டாரா?" என்று கேட்டார்கள். அறை அமைதியாகிவிட்டது. நியாயப்பிரமாணத்தின்படி தீட்டுள்ளவளாக எண்ணப்பட்ட ஒருத்தியை இயேசு மகளே என்று அழைப்பதும், அதே நேரத்தில் அவர் போய்க்கொண்டிருப்பது பன்னிரண்டு வயது மகளுக்காகக் கெஞ்சிய யவீருவின் வீட்டுக்கு என்பதும், பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அன்றுதான் ஒன்றோடொன்று பொருந்தியது. அவர்கள் அந்த அறையில் இருந்திராவிட்டால் நான் அதைக் கண்டிருக்கமாட்டேன்.

உங்கள் அம்மாவுக்குத் தினமும் பத்து வசனம் வாசித்துக் காட்டுங்கள். கைப்பேசியில் ஒலி வேதாகமமும் கிடைக்கிறது. ஆனால் மகளோ மகனோ வாசிக்கிற குரலுக்கு அது ஈடாகாது.

எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை வாசிக்கவேண்டும்?

1871இல் வெளிவந்த பழைய திருப்புதல் மனப்பாடத்துக்கும் பொது வாசிப்புக்கும் ஏற்றது. அதன் ஓசை நம் ஜெபங்களிலும் கீர்த்தனைகளிலும் ஊறியிருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது. ஒன்றை வழக்கமாக வாசித்து, புரியாத இடத்தில் மற்றதைத் திறந்து பாருங்கள். "சமீபமாயிற்று" என்று வாசித்துப் பழகிய காதுக்கு "நெருங்கி வந்துவிட்டது" என்பது புதிதாய்த் தட்டும்.

விசுவாசப்பிரமாணத்தையும் (விசுவாச அறிக்கை) ஞானோபதேசத்தையும் (மறைக்கல்விப் பாடம்) சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அதனால் பயன் உண்டா, அல்லது வெறும் ஒப்பித்தலா?

பயன் உண்டு. நம் மொழியின் அச்சு வரலாறே இதற்குச் சாட்சி. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல். அது 16 பக்கங்கள் கொண்ட சிறிய மறைக்கல்விப் புத்தகம். முத்துக்குளித்துறைப் பகுதியில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் அதை ஆக்கினார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகிய பிறகே போதிக்கத் தொடங்கினார். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1715இல் அவருடைய புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராய் உட்கார்ந்தது எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிற காட்சி.

1529இல் எழுதப்பட்ட லுத்தரின் அந்தச் சிறிய நூலில், ஒவ்வொரு கற்பனைக்கும் (கட்டளைக்கும்) விசுவாசப்பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே, இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி வருகிறது. மனப்பாடம் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. நாம் பல இடங்களில் வாக்கியத்தை வைத்துக்கொண்டு கேள்வியைக் கைவிட்டுவிட்டோம். "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, ஒரு ரோம அதிகாரியின் பெயர் நம் விசுவாச அறிக்கையில் எதற்காக இருக்கிறது என்று ஒருமுறை நின்று யோசித்தால், இயேசுவின் பாடுகள் தேதியும் இடமும் உள்ள சரித்திரத்தில் நடந்தவை என்று அறிக்கையிடுகிறோம் என்பது விளங்கும். சிறுவயதில் மனதில் போட்டுவைத்தது விதைநெல். அதைக் குதிரிலேயே வைத்திருக்கவேண்டாம்.

யூடியூப்பில் நூற்றுக்கணக்கான செய்திகள் கிடைக்கின்றன. யாருடைய போதனையை நம்புவது?

பேசுகிறவரின் புகழையோ, கூட்டத்தின் அளவையோ, அற்புதச் சாட்சிகளையோ வைத்து முடிவு செய்யவேண்டாம். நான்கு வாரம் கேட்டுவிட்டு உங்களையே கேட்டுப் பாருங்கள்: சுவிசேஷங்களில் காணும் இயேசுவை முன்னைவிட நன்றாக அறிந்திருக்கிறேனா, அல்லது இந்தப் பிரசங்கியாரை நன்றாக அறிந்திருக்கிறேனா? வேத பகுதியை முழுவதும் வாசித்து விளக்குகிறாரா, அல்லது அரை வசனத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறாரா? சிலுவையைப் பற்றிய பேச்சு எங்காவது வருகிறதா? காணிக்கை அனுப்பினால் ஆசீர்வாதம் வரும் என்று பேரம் பேசுகிற போதனை இயேசுவுடையதன்று. நோயும் கடனும் அழுத்துகிற குடும்பங்களிடம் அப்படிப் பேசுவதைக் கேட்கும்போது என் மனம் கொதிக்கிறது. அவர்கள் கடைசியாக வைத்திருக்கும் நகையைத்தான் அது தொடுகிறது.

திரையில் பேசுகிறவரிடம் நீங்கள் திரும்பக் கேட்க முடியாது என்பதும் பெரிய குறை. அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவனும் சாதுரியவானுமாய் இருந்தும், அவனுடைய போதனையில் குறை இருப்பதை ஜெப ஆலயத்தில் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). கூடாரம் பண்ணிப் பிழைத்த தம்பதிகள், பெரிய பேச்சாளருக்குக் கற்பித்தார்கள்; அவனும் கற்றுக்கொண்டான். இப்படி முகமுகமாய்த் திருத்துகிறவர்களும் திருத்தப்பட இடம் கொடுக்கிறவர்களும் உள்ள ஒரு சபையைத் தேடுங்கள்.

கற்றுக்கொள்வதும் கீழ்ப்படிவதும் ஒன்றா?

இயேசுவிடம் அவை பிரிக்கப்படுவதே இல்லை. மத்தேயு 28:20ஐ அவசரமாக வாசிக்கிறவர்கள், தாம் கட்டளையிட்டதை எல்லாம் போதியுங்கள் என்று அவர் சொன்னதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது, "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்" என்பது. கைக்கொள்ளும்படி என்ற சொல்லிலேயே பாடத்தின் நோக்கம் இருக்கிறது.

"எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று அப்போஸ்தலர் கேட்ட இடத்தைப் பாருங்கள் (லூக்கா 17:5). பேயை ஓட்டவோ மலையைப் பெயர்க்கவோ அவர்கள் அதைக் கேட்கவில்லை. உன் சகோதரன் ஒரு நாளில் ஏழுதரம் உனக்குக் குற்றம் செய்து, ஏழுதரமும் திரும்பி வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் அவனுக்கு மன்னிப்பாயாக என்று இயேசு சொன்ன அடுத்த வசனத்தில் கேட்கிறார்கள். மன்னிக்கத்தான் அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை. வரப்புத் தகராறில் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமலிருக்கும் ஒருவர் இந்தப் பகுதியை வாசித்தால், விசுவாசத்தில் வளரவேண்டிய அடுத்த அடி எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

சபையாக நாம் கற்காமல் தள்ளிவைத்த பாடம் ஒன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். கர்த்தருடைய பந்தியில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள் சாதியைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடாது என்று கல்கத்தாவின் அத்தியட்சர் (பேராயர்) டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குக் கண்டிப்பாக எழுதினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூர் முதலான இடங்களில் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியும், பெண் பார்க்கும்போதும் சபைத் தேர்தலின்போதும் கல்லறைத் தோட்டத்திலும் அதே கேள்வி நம்மிடம் எழுந்து நிற்கிறது. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்ற மாற்கு 10:43ஐ மனப்பாடமாய்ச் சொல்லிக்கொண்டே இதில் விலகி நிற்கிறவர், இயேசுவின் போதனையை இன்னும் கேட்கவில்லை.

ஜெபித்தும் பதில் இல்லை. இப்படியிருக்க விசுவாசம் எப்படி வளரும்?

இதற்கு நான் காரணம் சொல்ல முயல்வதில்லை. துக்க வீட்டில் காரணம் சொல்கிறவர்கள், துன்பப்பட்ட யோபுவையே குற்றஞ்சாட்டிய அவனுடைய நண்பர்களைப்போல ஆகிவிடுகிறார்கள். இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று இயேசு கேட்டார் (மாற்கு 14:36). அது எடுத்துப்போடப்படவில்லை. அடுத்த நாள் சிலுவையில், "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று மிகுந்த சத்தமிட்டார். கேட்டது கிடைக்காத ஜெபமும், பதில் வராத ஏன் என்ற கேள்வியும் அவருடைய வாயிலேயே இருந்தன. கேட்டும் பெறாத நிலையில் நீங்கள் நிற்கிறபோது, அவர் நின்றிராத இடத்தில் நிற்கவில்லை.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

ஓய்வுநாள் பாடசாலையும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நல்ல உதவிகள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டின் வேலையைச் செய்துவிடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு உவமையை வாசித்து, இதில் உனக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். கெட்டகுமாரன் கதையில் மூத்தவனுக்காகப் பரிந்து பேசாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தப் பரிவிலிருந்தே பாடம் நடத்தலாம்.

நான் வளர்கிறேன் என்று எப்படி அறிவது?

அடிக்கடி அளந்து பார்க்காதீர்கள். மனுஷன் விதையைப் போட்டு, இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் அது முளைத்துப் பயிராகிறது என்று இயேசு சொன்னார். முதலில் முளை, பின்பு கதிர், அதன் பின்பே கதிரில் நிறைந்த தானியம் (மாற்கு 4:26-28). நாற்று வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கிற உழவன் இல்லை.

ஒரு அடையாளம் வேண்டுமென்றால், நீங்கள் கேட்பது மாறுகிறதா என்று பாருங்கள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரே கேள்வியை இயேசு இரண்டு முறை கேட்கிறார். நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று யாக்கோபையும் யோவானையும் கேட்டபோது, உமது மகிமையில் வலதுபுறமும் இடதுபுறமும் உட்காரும் இடம் வேண்டும் என்றார்கள். எரிகோவுக்கு வெளியே வழியோரத்தில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த பர்திமேயுவிடமும் அதையே கேட்டார். அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்து, "ஆண்டவரே, நான் பார்வையடையவேண்டும்" என்றான். பார்வை பெற்றவுடன், வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி. பெத்சாயிதாவின் குருடனில் தொடங்கி பர்திமேயுவில் முடியும்படி மாற்கு இந்தப் பகுதியை அமைத்திருக்கிறார். இடையில் மூன்று முறை இயேசு தம் பாடுகளைச் சொல்ல, மூன்று முறையும் கண்ணுள்ள சீஷர்கள் அதைக் காணத் தவறுகிறார்கள்.

எங்கள் ஊரில் இப்படிக் கற்கும் குழு இல்லை. நாங்களே தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆயரிடம் முதலில் சொல்லுங்கள். மறைவாகத் தொடங்கும் குழுக்கள் பிரிவினையில் முடிந்ததைக் கண்டிருக்கிறேன். ஆறேழு பேர் போதும். பகுதியை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். பின்பு வேறொருவர், முடிந்தால் வேறு மொழிபெயர்ப்பில், மறுபடி வாசிக்கட்டும். உடனே விளக்கம் சொல்லத் துடிக்கிறவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். இயேசு இங்கே என்ன செய்கிறார், என்ன சொல்கிறார், கேட்டவர்கள் என்ன செய்தார்கள், இந்த வாரம் நான் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளோடு ஒரு மணி நேரம் போய்விடும். அடுத்த வாரம் கூடும்போது, போன வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தோமா என்று ஒருவரையொருவர் அன்பாக விசாரியுங்கள். அதிகம் பேசாதவரிடம் கடைசியில் ஒருமுறை கேளுங்கள். பதில் தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதி ஆயரிடம் கொண்டுபோங்கள். முதல் வாரத்துக்கு மாற்கு 1ஆம் அதிகாரத்தின் முதல் 15 வசனங்கள் போதும்.